இரண்டாம் முறை எண்ணியபோது

பலெர்மோ, 8 மே 1998, வெள்ளி

குலசிங்கத்தோடு பேசாமல் இருந்தது போதும். இன்று மத்தியானம் லண்டனிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அத்தான், உங்கட குலசிங்கம் மாஸ்டர் இங்கை லண்டன் கவுன்சில் எலக்சனிலை தோத்துப்போனார். ஒன்பது வோட்டு!"

"நல்லாய் வேணும்," என்றேன்.

"திருப்பி எண்ணச் சொல்லிக் கேட்டவராம். மறுபேச்சில்லாமல் எண்ணினவங்கள். அப்பவும் ஒன்பதுதான்."

அதற்குப் பிறகு குலசிங்கத்தின் விலாசத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆசிரியர் சங்கத் தேர்தலில் இதே குலசிங்கத்திடம் நான் நான்கு வாக்கால் தோற்றேன். திருப்பி எண்ணும்படி கேட்டேன். "எண்ணினது எண்ணினதுதான். வீட்டை போம் காணும்," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். அன்றோடு அவனுடன் கதைப்பதை விட்டேன். உண்மையிலேயே தோற்றேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாலையில் பொலிதேயாமாப் பகுதியில், நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டு யன்னல்களைத் துடைக்கும்போதும் இதே யோசனைதான். எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. அறியும் ஆவல்தான் வந்தது. இரண்டாம் முறை எண்ணி முடியும்வரை அவன் எங்கே நின்றான்? கைகளை என்ன செய்தான்?

தபாலட்டையில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: "திருப்பி எண்ணும்போது யாரை நினைத்தீர்?"

பெயர் போடாமல்தான் நாளை அனுப்பப்போகிறேன். அத்தனை காலம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவனுக்கு என் கையெழுத்து தெரியாமலா போகும்?