காதுகுத்துக்காகத் தள்ளிவைத்த ஊசி

மாஸ்டர்,

நேற்றிலிருந்து என் சட்டையில் சந்தன வாசனை போகவில்லை. மண்ணரையில் என் தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தானே, மொட்டை போட்ட தலையில் சந்தனத்தை அப்பி அவனை என் மடியில் உட்கார வைத்தார்கள். பயல் என் நெஞ்சில் முட்டி முட்டிப் பாதிச் சந்தனத்தைப் புதுச் சட்டைக்கு மாற்றிவிட்டான். ஆசாரி கம்பியை எடுத்ததும் எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். அவன் வீறிட்டான், சனம் சிரித்தது, தங்கச்சி அவன் வாயில் வாழைப்பழத்தை வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் பந்திக்குப் போகாமல், எந்தப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை இருக்கிறது என்று கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். பங்குனியில் நீங்கள் போன பிறகு நான் போன முதல் காதுகுத்து இது.

வேலம்பாளையத்துக் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங் சூப்பர்வைசர். நீங்கள் வெட்டியதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நியாயமாகப் பார்த்தால் நாம் பாம்பும் கீரியுமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்து மணி டீக்கு பேக்கரியில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். "என்னுங் தம்பி, இன்னைக்கு எம்மேல என்ன புகார்?" என்று கேட்டுக்கொண்டே தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து நீட்டுவீர்கள். பெரிய பாதி எப்போதும் உங்களுக்குத்தான்.

உங்கள் தொழிலில் பொறுமைதான் பெருமை. பனியன் துணி ரோலாக வந்து இறங்கியதும் மேனேஜர் "வெட்டுங்க, வெட்டுங்க" என்று குதிப்பார். நீங்கள் துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஆறட்டுமுங்க. இழுத்த துணிய இப்பவே வெட்டுனா நாளைக்குச் சுருங்கிப் போயிரும். அப்பறம் என்னைத்தான் வைவீங்க" என்று சொல்லி வெளியே வந்துவிடுவீர்கள். எந்த ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் உங்களை அசைக்க முடியாது. நீங்கள் காக்க வைத்த துணி ஒருநாளும் சுருங்கியதில்லை, அதை நான் எங்கேயும் சாட்சி சொல்வேன். மேஜைமேல் உங்களைக் காப்பாற்றிய அந்தக் குணம் வீட்டில் உங்களைக் கைவிட்டது.

ரொம்ப நாள் காத்திருந்து பிறந்த பெண். கம்பெனி முழுக்க ஜிலேபி கொடுத்தீர்கள், வாட்ச்மேனுக்கு மட்டும் இரண்டு. குழந்தைக்கு முதல் இரண்டு தவணை ஊசியும் ஒழுங்காகப் போட்டாயிற்று. மூன்றாவது தவணை, சளி பிடித்திருக்கிறது என்று தள்ளிப்போய், கடைசியில் காதுகுத்து வாரத்தில் வந்து நின்றது. கொமரலிங்கத்தில் உங்கள் குலதெய்வக் கோயிலில் சீர். கெடா சொல்லியாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, மச்சினன் சீர்த்தட்டுக்குத் தயாராக நின்றான். அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டம்மா, "ஏனுங்க, நர்ஸம்மா போன் பண்ணுனாங்க. புதங்கெழமை புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்றாங்க" என்றார்களாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எனக்கு நீங்களே பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள்.

"சீரு முடியட்டும். ஊசி போட்டா காய்ச்சல் வரும், புள்ள சிணுங்கிட்டே கெடக்கும். போட்டோவுல மூஞ்சி எப்படி இருக்கும்?"

சீர் முடிந்தது. போட்டோவில் பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள். பிறகு ஷிப்மெண்ட் வந்தது, வீட்டம்மாவும் வேலைக்குத் திரும்பினார்கள், புதன்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு என்றுதான் சொன்னீர்கள்.

ஒருநாள் காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல். வாந்தி வேறு. சீர் நடந்த பிள்ளை, ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும் என்று மந்திரிக்கக் கொண்டுபோனீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப் கொடுத்தீர்கள். மறுநாள் அவள் பால் குடிக்கவில்லை. தூக்கினால் வழக்கமாக அழுகை நிற்கும். அன்றைக்குத் தூக்கினால்தான் கூடுதலாக அலறினாள். உச்சிக்குழி மேடாகப் பொங்கி நின்றதை வீட்டம்மா காட்டினார்கள். அப்புறம் அழுகை நின்று சோர்ந்து கிடந்தாள். "அழுதழுது தூங்கறா, தூங்கட்டும்" என்றீர்கள். அது தூக்கம் இல்லை. கழுத்து விறைத்துப்போன பிறகுதான் காரைப் பிடித்துக் கோயமுத்தூருக்கு ஓடினீர்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

"அந்த ஊசியப் போட்டிருந்தா இது வந்திருக்காதுங்களா?" என்று டாக்டரைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லாத மனிதர்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா இந்தக் கிருமிக்கும் சேர்த்துத்தான் அந்த ஊசி. மூணு தவணையும் போட்டிருந்தா பெரும்பாலும் வந்திருக்காது."

இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நீங்கள் எத்தனை விதமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள்! டீ ஆறிப்போகும், பன்னில் எறும்பு ஏறும், நீங்கள் அந்த ஒரு சொல்லிலேயே நிற்பீர்கள். "போட்டும் வந்திருந்தா விதின்னு விட்டுருவனுங் தம்பி. இதை எங்க கொண்டுபோயி எறக்கி வெக்கறது?" என்பீர்கள்.

உயிர் பிழைத்து வந்ததே போதும் என்று கோயிலுக்கெல்லாம் கும்பிடு போட்டீர்கள். கரண்ட் அடிக்கடி போன காலம் அது. உங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர், எடுக்கும்போது வெடி போட்டதுபோல் கிளம்பும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு அழும். உங்கள் பாப்பா கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல்நாள், "எம்புள்ள தைரியசாலி" என்று என்னிடம் பெருமை அடித்தீர்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பெருமை சுருதி இறங்கியது. பிறகு ஒரு சாயங்காலம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டத்தைத் தரையில் போட்டுப் பார்த்தீர்கள்.

காதுக்குள் கருவி வைக்கலாம் என்று கேள்விப்பட்டு அலைந்தீர்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று அங்கேயும் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நேராகக் கட்டிங் மேஜைக்கு வந்து கத்தரியை எடுத்தீர்கள். அன்றைக்கு நீங்கள் வெட்டியதில் நான் குறை எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்கள் ஊருக்கே தொந்தரவாக மாறினீர்கள். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதான். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் எல்லாக் காதுகுத்துக்கும் போனீர்கள். பாப்பாவையும் கையில் பிடித்துக்கொண்டு போவீர்கள். மொய் வைத்த கையோடு பச்சைக் குழந்தை வைத்திருக்கும் பெண்ணிடம் போய்க் குனிந்து, "ஏங்கண்ணு, ஊசியெல்லாம் தவணை தப்பாமப் போட்டாச்சா?" என்று ஆரம்பிப்பீர்கள். அவள் இழுத்தால், பாப்பாவை மோவாயால் காட்டிக் கதையைச் சொல்வீர்கள். எதையும் மறைக்க மாட்டீர்கள். போட்டோ மூஞ்சி உள்பட எல்லாம் சொல்வீர்கள். "காய்ச்சலோட வாந்தி எடுத்துப் புள்ள பால் குடிக்காமச் சோந்து கெடந்தா, தூக்குனா அலறுனா, உச்சி பொங்குனா, மந்திரிக்கப் போயிராதீங்க சாமி. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கும்பிடுவீர்கள்.

வடக்கத்திப் பெண்களிடம் கேட்பதற்காகப் பேக்கிங் செக்‌ஷன் பையனிடம் ஒரே ஒரு இந்தி வாக்கியம் கற்றுக்கொண்டீர்கள். "பச்சே கோ சூயி லகாயா?" குழந்தைக்கு ஊசி போட்டாச்சா என்று அர்த்தம். அவர்கள் பதிலுக்கு மடமடவென்று இந்தியில் பொழிவார்கள், நீங்கள் ஒன்றும் புரியாமல் திரும்பத் திரும்ப அதையே கேட்பீர்கள். மண்ணரையில் ஒருத்தி உங்களை சர்க்கார் ஆள் என்று நினைத்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அவளையும் குழந்தையையும் புதன்கிழமை உங்கள் மொபெட்டிலேயே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டீர்கள். அவளுக்கு அரை நாள் பர்மிஷன் கேட்டு மேனேஜரிடம் சண்டை போட்டதும் நீங்கள்தான்.

எல்லோரும் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. வேலம்பாளையத்து மண்டபத்தில் ஒரு தாய்மாமன் உங்கள் சட்டையைப் பிடிக்க வந்தது நினைவிருக்கிறதா? "நல்ல காரியத்துல வந்து ஏனுங்க இப்பிடி அபசகுனமாப் பேசறீங்க? சாப்புட்டமா போனமான்னு இருங்க" என்றார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "காதுல குத்தறதுக்குக் கெடா வெட்டி ஊரைக் கூட்டறோமுங்க. தொடையில குத்தறதுக்கு ஒரு நாள் லீவு போட மாட்டேங்கறோம். நானும் அப்பிடித்தானுங்க இருந்தேன்" என்றீர்கள். அவர் கை தானாக இறங்கியது. ஆனாலும் அதன் பிறகு உங்களுக்கு அழைப்பு குறைந்துபோனது. பத்திரிகை வைக்க வந்தவர்கள் உங்கள் வீட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் சொன்ன நீங்கள் ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. பாப்பா காதுகேளாதோர் பள்ளிக்குப் போய், கையால் பேசக் கற்று, எழுதப் படிக்கக் கற்று வளர்ந்தாள். நீங்களும் வீட்டம்மாவும் அவளோடு கையால் பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும், அவ்வளவு வேகம், அவ்வளவு சிரிப்பு. ஒருநாள் பேக்கரியில் கேட்டேன், "அவகிட்டச் சொல்லிட்டீங்களா மாஸ்டர்?" என்று.

"பெரியவளாகட்டுமுங் தம்பி. இப்பச் சொன்னா என்னை ஒரு பார்வை பாப்பா. அதை என்னால தாங்க முடியாது."

அவள் பெரியவளாகிக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் நெஞ்சு காத்திருக்கவில்லை. மேஜைமேல் பிரித்துப்போட்ட துணிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காதுகுத்துக்கு உங்கள் வீட்டம்மாவும் பாப்பாவும் வந்திருந்தார்கள். மருமகனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, என் சித்தப்பா மருமகள் கைக்குழந்தையோடு நின்றாள். என்னை அறியாமல் அவளிடம் குனிந்து, ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டேன். அவள், "சீரெல்லாம் முடிஞ்சு போடலாம்னு இருக்கறமுங்க" என்றாள். உங்கள் கதையைச் சொன்னேன். சொல்லும்போது உங்களைப் போலவே மோவாயை உயர்த்தி பாப்பாவைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண் திரும்பி பாப்பாவைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. வருகிற புதன்கிழமை போடுவதாக என் கையில் அடித்துச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பாப்பா என் முன்னால் வந்து நின்று செல்போனை நீட்டினாள். அவள் எழுதுவது புத்தகத் தமிழ். நாம் பேசும் பேச்சைக் கேட்டு அவள் வளரவில்லை அல்லவா.

"சித்தப்பா, நீங்களும் அதைச் சொல்கிறீர்களா? அப்பா எல்லா விசேஷத்திலும் என்னைக் காட்டி ஏதோ சொல்வார். அவர்கள் என்னைப் பார்த்துப் பாவப்படுவார்கள். காது கேட்காத பிள்ளை பிறந்துவிட்டது என்று அப்பா குறைப்பட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான் நான் விசேஷங்களுக்கு வரமாட்டேன் என்று அழுவேன்."

மாஸ்டர், அவள் அழுததை நாம் வெயிலுக்கு என்றும் கூட்டத்துக்கு என்றும்தானே நினைத்தோம். வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, "சொல்லிருங்க தம்பி. அவரால முடியல, எனக்கும் கை வரல" என்றார்கள். பந்தல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் போனிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் மண்டபம் மண்டபமாகச் சொன்னதை, ஒரு வரியும் குறைக்காமல். நர்ஸம்மாவின் போனை, போட்டோவை, தூங்கட்டும் என்று விட்டதை. நீங்கள் அவளைக் காட்டியது குறை சொல்ல அல்ல, இன்னொரு பிள்ளைக்கு இது வரக்கூடாது என்றுதான் என்பதையும் எழுதினேன்.

நிதானமாகப் படித்தாள். முகம் சிவந்தது. இவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. நீங்கள் பயந்த பார்வையையும் பார்த்துவிட்டேன். தாங்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் தாங்கக்கூடியதுதான். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை, அதே போனில் வேகவேகமாக எழுதினாள்.

"என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பாவோடு பெரிய சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருப்பேன். மூன்றாம் நாள் பேசியிருப்பேன்."

இதை உங்களிடம் சேர்க்க வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன். அந்தக் கைக்குழந்தைக்குப் புதன்கிழமை ஊசி போட்டுவிடுவார்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாப்பாவோடு நீங்கள் போட்டிருக்க வேண்டிய அந்தச் சண்டைதான் மாஸ்டர், அதை உங்களுக்காக என்னால் போட முடியவில்லை.