மஞ்சள் தடவாத பத்திரிகைகள்

ஆலங்குடி,
திங்கள்கிழமை

தோஹா மாநகரில் ஏசி மெக்கானிக்காக எழுந்தருளி, பாலைவனத்தையே நடுங்க நடுங்கக் குளிரவைத்துக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் பிரசாந்துக்கு, உன் தாயின் ஒரே தம்பியும், ஆலங்குடி தாலுகாவின் சகல தாய்மாமன்களுக்கும் தலைவனுமாகிய அய்யாக்கண்ணு மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் தென்னைகளும் இதுவரை சாயாமல் நிற்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தால் நிம்மதி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் நம்பரைத் தடுத்துவைத்திருப்பவன் நீ. உன் அம்மா நம்பரையும் பரிமளா நம்பரையும் சேர்த்தே தடுத்துவிட்டாய். ஆகவே ராஜாக்கள் காலத்து வழக்கப்படி ஓலை அனுப்புகிறேன். சுமந்து வருபவன் மேலத்தெரு அழகுமலை. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். நீ கடைசி வரி வரைக்கும் படிக்காமல் உன் அறையை விட்டு நகரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. நீ கிழித்துப் போட்டால் ஒட்டித் தருவதற்குப் பசையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பரிமளாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கணேஷ், அன்னவாசல். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று உன் தங்கை அவனிடம் நாலு வார்த்தைதான் பேசினாள். அன்னவாசல் போய் இறங்கும்வரை பையன் வாயை மூடவே இல்லையாம், அத்தனை பல். இதற்கு முன்னே இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போனது உனக்குத் தெரியும். அந்த இரண்டு தடவையும் அவள் ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

சீர் என் பொறுப்பு. நூற்றெட்டுத் தாம்பாளம், ஆறு குதிரை, ஒரு யானை என்று திட்டம். யானைக்கு வனத்துறை அனுமதி கேட்பார்கள் என்று உன் அத்தை மிரட்டியதால் அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன். ஆலங்குடி ரோட்டில் அன்று பஸ்ஸெல்லாம் மாற்றுப்பாதையில்தான் போகவேண்டிவரும். ஆனால் மருமகனே, மாப்பிள்ளையை மண்டப வாசலில் கைபிடித்து அழைத்துவரப் பெண்ணின் உடன்பிறந்தவன் வேண்டும். அப்பா இல்லாத வீடு. அந்த இடத்தில் நான் யானையையே கொண்டுவந்து நிறுத்தினாலும் அது நீ ஆகாது.

போன மாதம் உன் அம்மா வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டபோது நீ என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? விக்கிரகம் வைத்த பந்தலில் கால் வைக்கமாட்டேன் என்றாய். ஆண்டவர் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை, பட்டயத்தைத்தான் கொண்டுவந்தார் என்றாய். தாயைவிட, தங்கையைவிட அவரே பெரிது என்று சொல்லி வைத்துவிட்டாய். அக்கா அப்படியே நடந்து என் வீட்டுக்கு வந்து, பட்டயம்னா என்னடா தம்பி என்று கேட்டது. வாளுக்கா என்றேன். எம்புள்ளைக்கு எதுக்குடா வாளு என்றது. மூன்று உலகத்தையும் வாயாலேயே ஜெயிக்கக்கூடிய இந்த மாமன், வாக்கா கேட்டுவிடுவோம் என்று செருப்பை மாட்டினான்.

நேராக நம் ஊர் நர்ஸ் அன்புச்செல்வியிடம் போனோம். பரம்பரையாக வேதக்காரக் குடும்பம், உனக்கே சின்னவயதில் ஊசி போட்டது. அக்கா சுற்றி வளைக்கவில்லை. உங்க சாமி பெத்தவளப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுதா தாயி என்று கேட்டுவிட்டது. அன்புச்செல்விக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சொன்னது இதுதான்: என்னைப் பின்பற்றினால் வீட்டுக்குள்ளேயே உங்கள் மேல் அடி விழும், தாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்கு வந்த பேச்சாம் அது. நீங்க போய் அடிங்கன்னு அதுல எங்கயும் இல்லீங்களே ஆத்தா என்றது. ஆண்டவரைப் பிடிக்க ஆள் வந்த அன்று சீடன் ஒருவன் நிசமாகவே வாளை உருவி ஒருத்தன் காதை வெட்டிவிட்டானாம். உள்ளே போடு என்று அவனை அதட்டிவிட்டு, வெட்டுப்பட்டவன் காதைத் தொட்டுச் சுகப்படுத்தினாராம். காது யாருடையது? பிடிக்க வந்தவனுடையது!

அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி ஒரே மூச்சில் தலைகீழாகப் படித்துவிட்டேன். சரி, நாலு நாள், தாவித் தாவி. எனக்குப் பிடித்த இடம் எதுவென்று நீ ஊகித்திருப்பாய். கல்யாண வீட்டில் சரக்கு தீர்ந்துபோகிறது, ஆறு கல்ஜாடி, ஒவ்வொன்றிலும் நம் ஊருணியே அடங்கும்! என்ன கவனித்தேன் தெரியுமா? சரக்கு தீர்ந்ததை அம்மா வந்து சொன்னதும், என் நேரம் இன்னும் வரவில்லை என்று அவரும் முதலில் முறைத்துக்கொள்கிறார். அம்மா வேலைக்காரர்களிடம், அவன் சொல்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஜாடித் தண்ணீர் அத்தனையும் சரக்காகிவிடுகிறது. உங்கள் ஆண்டவர் அம்மா பேச்சைக் கேட்டுச் செய்த முதல் அற்புதம் ஒரு கல்யாண வீட்டில்தான், மருமகனே. மணமக்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்று நான் துருவித் தேடினேன். அதைப்பற்றி அங்கே பேச்சே இல்லை.

உன் அம்மாவும் சும்மா இல்லை. அச்சகத்துக்குப் போய், உனக்கும் உன் சபைக்காரர்களுக்கும் என்று தனியாக இருபது பத்திரிகை அடிக்கச் சொல்லியிருக்கிறது. பிள்ளையாரும் குலசாமியும் இல்லாமல், மேலே ஒரு சிலுவையும் அன்பைப்பற்றி ஒரு வாக்கியமும். எழுத்துத் தெரியாத மனுஷி அதை உச்சி மோந்து பார்த்துவிட்டு, இதுல அவனுக்குப் புடிக்காதது ஒண்ணும் இல்லேல்ல என்று என்னிடம் கேட்டது. மற்றப் பத்திரிகை உறைகளுக்கெல்லாம் மூலையில் மஞ்சள் தடவிவிட்டு, உன்னுடையதை மட்டும் தடவாமல் தனியாக எடுத்துவைத்தது. உனக்கு மஞ்சள் ஆகாது என்பதற்காகவும், அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகவும். அதில் ஒன்றை அப்போதே அழகுமலையிடம் கொடுத்துவிட்டோம்.

புதன்கிழமை

மேலே எழுதியதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். நேற்று எல்லாம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு முத்தாள் ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்குத் தெரியாமல் ஒத்தாசைக்கு வந்திருக்கிறது. மஞ்சள் இல்லாத கட்டு ஒன்று கிடப்பதைப் பார்த்து, நல்ல காரியத்துக்கு இப்படி மொட்டையா வச்சிருக்காகளே என்று மனசு கேட்காமல், ஒன்று விடாமல் மஞ்சளைத் தடவி மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டது. நல்ல மனுஷி. தன் வீட்டு மஞ்சளையே எடுத்துவந்து தடவியிருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி உறைக்குள் இருந்ததால் அக்காவுக்கு மஞ்சளைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. சிலுவை போட்ட பத்திரிகை அன்னவாசலுக்குப் போய், மாப்பிள்ளையின் பெரியப்பா நாகராசு கையில் விழுந்துவிட்டது. கணேஷுக்கும் தகப்பன் இல்லை. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும்.

நேற்று மத்தியானம் வேனில் வந்து இறங்கினார்கள். தண்ணீர்கூடக் கை நீட்டி வாங்கவில்லை. நாகராசு பத்திரிகையை நடுவீட்டில் போட்டு, நீங்க வேதத்துல சேந்துட்டீங்களா, அத மறைச்சுத்தான் பொண்ணு குடுக்குறீங்களா என்றார். அக்கா பதறி, இல்லீங்க, அது எம்புள்ளைக்குன்னு தனியா அடிச்சதுங்க என்று உள்ளதைச் சொன்னது. உடனே அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பொங்கல் சமயம் கோயில் கிடாவெட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு நம் குடும்பக் குரூப்பில் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாயே, நீங்க கும்பிடுறது சாமியில்ல, சாத்தான் என்று? அது எந்தெந்தப் போன் வழியாகவோ அன்னவாசல் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் குரலை உன் அம்மா முன்னால் வைத்துச் சத்தமாக ஓடவிட்டார். போன மாதத்துக்குப் பிறகு அக்கா உன் குரலைக் கேட்டது அப்படித்தான்.

அவர்கள் போட்ட நிபந்தனை இது. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, அக்கா ஐயனார் கோயிலுக்கு வரவேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, எனக்கு மகன் இல்லை என்று சத்தியம் செய்யவேண்டும். செய்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அது எப்பேர்ப்பட்ட சத்தியம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதை அணைத்தவர்கள் பிறகு ஒரு வாசலில் நின்றுகூடப் பேசுவதில்லை, சாவுக்கும் போவதில்லை.

அப்போதுதான் உள்ளே இருந்து பரிமளா வெளியே வந்தாள். எங்கண்ணன் இல்லேன்னு சத்தியம் பண்ணித்தான் இந்தத் தாலி ஏறணும்னா எனக்கு வேணாங்க என்று நாகராசு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பொம்பளப் புள்ள பேச்சப் பாத்தீங்களா என்று வேனில் வந்த ஒரு கிழவர் எழுந்துவிட்டார். அக்கா அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. அவர்கள் போனபிறகு திறந்தபோது பரிமளா அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டு தடவைக்கும் சேர்த்து அழுதாள்.

கணேஷ் எனக்குப் போன் செய்து, நான் பேசிப் பாக்குறேன் மாமா என்றான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டை போய் அங்கிருந்து அன்னவாசல் போனேன். தாய்மாமன்களின் தலைவன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நாகராசு வாசலில் நின்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, குளித்து, சாப்பிட்டு முடித்துத்தான் அவர் என்னைப் பார்த்தார். இதில் மிகை ஒன்றுமில்லை.

அவரும் கெட்டவர் இல்லை, பிரசாந்து. நாம் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு எங்கே வலிக்கும் என்று யோசித்துப் பார். அவர் மனைவி இறந்த வருஷம் அந்த ஐயனார் வாசலில்தான் படுத்துக் கிடந்தாராம். அதப் போயி சாத்தான்னுட்டானே என்றார். கடைசியில் இவ்வளவுக்கு இறங்கி வந்தார்: அந்தப் பய நேர்ல வரட்டும். திருநீறு பூச வேணாம், கும்பிட வேணாம். சொன்ன வார்த்தை தப்புன்னு எங்க சனம் முன்னாடி ஒரு வாட்டி சொல்லட்டும். சூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ வரவேண்டும். உனக்கு லீவு பாக்கி கிடக்கிறது என்று அழகுமலை சொல்லிவிட்டான். அதனால் அந்தச் சாக்கு செல்லாது.

நீ சாமி மாறியதில் எனக்கு வழக்கில்லை. குடியை விட்டாய், அதில் எனக்கு ஒரு கூட்டாளி நஷ்டம், உன் அம்மாவுக்கு ஒரு மகன் லாபம். மஞ்சள்காமாலையில் நீ அறையில் கிடந்தபோது நாங்கள் யாரும் வரமுடியவில்லை. உன் சபைக்காரர்கள் வந்தார்கள். வேலை முடிந்து வந்து முறைவைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், நீ வாந்தி எடுத்த துணியைத் துவைத்தார்கள் என்று நீயே என்னிடம் சொன்னாய். அவர்கள் கும்பிடுகிறவர் நல்லவர் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்போது உன் கழுத்தில் முருகன் டாலர் கிடந்ததா இல்லையா? அதைக் கழற்றிவிட்டு வா, அப்புறம் கஞ்சி தருகிறோம் என்று யாராவது சொன்னார்களா? டாலருக்கு மேலே துண்டை விரித்துத்தானே ஊட்டினார்கள்? அதைப் பார்த்துத்தானே நீ அந்தப் பக்கம் போனாய்? அவர்கள் உனக்குச் செய்ததை நீ நாகராசுக்குச் செய்யக் கூடாதா? உன் அம்மாவுக்கு?

எனக்கு வேதம் தெரியாது. நாலு நாள் படித்தவன் பேச்சு என்று தள்ளிவிடு. உனக்குக் கஞ்சி ஊற்றியவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர்கள் போகாதே என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சூடத்தை என்ன செய்யப்போகிறாய் என்று அக்காவிடம் கேட்டேன். காலையிலிருந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறது. மகளைப் பார்த்தால் கையை நீட்டிவிடும் போலிருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்கிறது. சோறு இறங்கவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லையடா.

அழகுமலை கொண்டுவரும் டப்பாவில் இருப்பது அந்த அதிரசம்தான். சாமிக்கு எடுத்துவைக்காமல் அந்த வீட்டில் இதுவரை யாரும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. இன்று முதல் ஈட்டை உனக்கென்று எடுத்து மூடியபிறகுதான் மற்றது சாமிக்குப் போனது. படைச்சதுன்னா அவன் தொடமாட்டான்டா தம்பி, இத பயப்படாமத் திங்கச் சொல்லு என்றது. சாமி கோவிச்சுக்காதாக்கா என்றேன். அதுக்கு அவ்வளவு பொறுமைகூட இல்லாமயா இருக்கும் என்றது.

மருமகனே, உன்னை எந்தச் சாமி பெயரைச் சொல்லி வாழ்த்துவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழகுமலை வாசலில் நிற்கிறான். உன் ஆண்டவரே உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், உன்னைக் கூட்டிக்கொண்டும் வரட்டும். அந்த வெள்ளிக்கிழமை உன் அம்மா கோயில் வாசலில் நிற்கும். அதன் கை சூடத்துக்கு நீளும் முன்னே நீ வந்து பிடித்துக்கொள்ளடா.

உன் மாமன்,
அய்யாக்கண்ணு