தறி நின்ற பிறகு சொல்லும் பெயர்

ஜூன் 15, ஞாயிறு

பெரியோர்களே, தாய்மார்களே! நமது இல்லத்துக் குளியலறையில் நெடுங்காலம் பணியாற்றிய பச்சை வாளியின் கைப்பிடி இன்று காலை இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் உடல் மட்டும் இன்னும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை அப்பாவின் ஆட்டோவில் ஏறி, அப்பாவின் மைக்கில், அப்பாவின் குரலில் தெருவுக்கே அறிவித்தேன். எதிர்வீட்டு அபிநயா கைதட்டினாள். தெருமுனைத் தறிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அம்மா விளக்குமாறோடு வந்தாள்.

அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாயில் இருந்த பற்பசை நுரையைத் துப்பிவிட்டு, "செத்தது ஆருன்னு மொதல்ல சொல்லோணும் சாமி. வருத்தமெல்லாம் பொறவு" என்றார்.

"வாளிக்குமாப்பா?"

"வாளின்னா எளக்காரமா?"

இந்த நாட்குறிப்பைப் பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்யப்போகிறவர்களுக்காக: என் பெயர் நவநீதகிருஷ்ணன். கூப்பிடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதால் நவனி. பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா கந்தப்பன் மைக் செட் வைத்திருக்கிறார். ஜலகண்டாபுரத்துப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எதுவானாலும் ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சொல்லி வருவார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. இங்கே கத்தினால்தான் பேச்சு. மெதுவாகப் பேசினால் அது யோசனைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜூன் 18, புதன்

இன்று கணக்குத் தேர்வு. கணக்குக்கும் எனக்கும் ஒத்துவராது. எனவே வகுப்பாசிரியர் அறிவழகன் சாருக்குப் போன் செய்தேன்.

"சாருங்களா, வணக்கமுங்க. நவனியோட அப்பா கந்தப்பன் பேசறனுங்க. பையனுக்கு வவுறு செரியில்லீங்க."

"அப்படீங்களா? பாத்துக்குங்க, பாத்துக்குங்க."

எனக்கு மூன்று 'ங்க' கிடைத்தது. மதிப்பெண் கிடைக்காத வாத்தியாரிடம் மரியாதை வாங்கியவன் நான். அப்பாவின் குரலில் பேசுவதில் இந்த ஜில்லாவிலேயே நான்தான் முதலிடம். அப்பா இரண்டாமிடம்.

சாயங்காலம் அப்பா வந்ததும், "வவுறு எப்படி இருக்குது சாமி?" என்று கேட்டார். அம்மா சொல்லியிருப்பாள். "பரவால்லீங்கப்பா" என்று கொஞ்சம் முனகினேன். நடிப்பிலும் குறைவில்லை.

ஜூன் 28, சனி

மேற்குத் தெருவில் ஒரு சாவு. ஆள் இல்லாததால் அப்பா என்னைக் கூட்டிப் போனார். வயர் பிடிப்பது என் வேலை.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு மேல் எப்படிக் கத்துவார் என்று பார்த்தேன். அவர் கத்தவே இல்லை. ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து போய், முதல் தறிக் கொட்டகை வாசலில் நின்று கையைத் தூக்கினார். அவ்வளவுதான். உள்ளே இருந்தவர் பார்த்தார், தறியை நிறுத்தினார். பக்கத்துக் கொட்டகைக்காரருக்குச் சத்தம் குறைந்தது தெரிந்து அவரும் நிறுத்தினார். அப்படியே ஒவ்வொன்றாகக் கடைசி வீடு வரைக்கும் நின்றது. கல்யாணத்துக்கு நிற்காது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு நிற்காது. சாவுக்கு மட்டும் நிற்கும்.

வழக்கமாக 'ஹலோ, ஹலோ' என்று மைக்கைச் சோதிப்பவர் இன்று நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். முதல் சொல்லே இறந்தவரின் பெயர்தான்.

திரும்பும்போது கேட்டேன். "நீங்க கையத் தூக்குனப்பவே சாவுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் எதுக்குப்பா மைக்கு?"

"சாவுன்னு தெரியும். ஆருன்னு தெரியாதில்ல? நம்ம ஆளா இருக்குமோன்னு அத்தன பேரும் அங்க நிக்கறாங்க. அப்படி நிக்க வெச்சுட்டு நாம தொண்டையச் செருமிக்கிட்டு இருக்கப்படாது."

யோசித்துப் பார்த்தேன். சரிதான் என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த சாவுக்கும் கூப்பிடுவார்.

ஜூலை 3, வியாழன்

இன்று காலை எங்கள் தெருவில் தறிகள் நின்றன. அப்பாவுக்கு.

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வேறு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

கல்யாண மண்டபத்து வாசலில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். கூட தீர்த்தகிரி மாமா. அவரும் மைக் செட்காரர்தான். திருவிழாச் சமயத்தில் அப்பாவுக்குப் போட்டி, மற்ற நாளில் கூட்டாளி. நெஞ்சைத் தடவிக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கிய அப்பா, "தீர்த்தகிரி, ஒரு சோடா வாங்கியா" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாராம். சோடா வந்தபோது அப்பா இல்லை. ஹார்ட் அட்டாக்காம். மாமா அந்தச் சோடா பாட்டிலோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரோ அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்கள்.

அப்புறம்தான் பிரச்சினை. ஊரில் யார் செத்தாலும் அப்பா சொல்வார். அப்பா செத்தால் யார் சொல்வது? இதை யாரும் யோசித்து வைக்கவில்லை. மாமாவே மைக்கை எடுத்தார். அழுதுகொண்டே ஆரம்பித்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"நமது ஊர் கந்தப்பன் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். ஆகவே உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவரும் குடும்பத்துடன் வருகை தந்து விழாவினைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்."

அது கல்யாண வாசகம். காலையில் இருந்து வாயில் ஓடிக்கொண்டிருந்தது வந்துவிட்டது. தறி நின்ற தெருவில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

வெளியே யாரோ, "யோவ் தீர்த்தகிரி!" என்றார்கள். உள்ளே அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா அழுகையை நிறுத்தினாள். "இதக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாருங்க" என்று பொதுவாகச் சொன்னாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

அழைப்பை ஏற்று அனைவரும் குடும்பத்துடன் வந்தார்கள்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்ற வாயில சாவுச் சேதி வராது மாப்ளே. கல்யாணம், காதுகுத்தோட நிறுத்திக்கறேன்" என்றார். பரவாயில்லை மாமா என்று நான்தான் தேற்றினேன்.

நான் அழவில்லை. இதையும் குறித்துக்கொள்ளவும்.

ஜூலை 16, புதன்

காரியமெல்லாம் முடிந்தது. மைக் செட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

மாமா தன் கொட்டகையிலேயே போட்டு வைக்கிறேன் என்றார். அம்மாவும் தலையாட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதெப்படி? அந்த ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தது நான். அந்தக் குழாயில் குருவி கூடு கட்டியபோது அதனிடம் பேச்சுவார்த்தை நடத்தியது நான். ஒருத்தரும் என்னைக் கேட்க மாட்டேன் என்கிறார்களே!

"செட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயா? பன்னெண்டாவது படிக்கற. பேசாம படி" என்றாள் அம்மா.

"படிச்சுக்கிட்டே பேசறேன்."

"வெளையாட்டுப் பேச்சுப் பேசறவன்கிட்ட எவன்டா சாவுச் சேதி குடுப்பான்?"

எனக்கே பதில் இல்லாத கேள்வியை அம்மா அடிக்கடி கேட்க மாட்டாள். கடைசியில் மாமாதான் நடுவில் புகுந்தார். முடிவு இதுதான்: அடுத்து வரும் சாவுச் சேதியை நான் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் செட் எங்கள் வீட்டிலேயே இருக்கும். சொதப்பினால் அன்றைக்கே மாமா எடுத்துப் போவார். எனக்கு லைசென்ஸ் இல்லாததால் ஆட்டோவை அவரே ஓட்டுவார். வாய் மட்டும் என்னுடையது.

என் வாயை இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

அறிவழகன் சார் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்வார் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"ஏன்டா, கடைசியா எப்ப வயித்து வலி வந்துச்சு?"

"சார்?"

"உங்கப்பா போன வருசமே வந்து சொல்லிட்டுப் போயிட்டார்டா. 'என்ற குரல்ல ஒருத்தன் லீவு கேப்பானுங்க சார். நல்லாப் பேசுனா குடுங்க. சுமாராப் பேசுனா குடுக்காதீங்க'ன்னார்."

போன வருடம் சார் இரண்டு முறை முடியாது என்று போனை வைத்தார். நேரம் சரியில்லை என்று நினைத்தேன். குரல் சரியில்லையாம். நான் பேசி வைத்ததும் ஒவ்வொரு முறையும் சார் அப்பாவுக்குப் போன் செய்து மார்க் சொல்வாராம்.

"கடைசியா எவ்வளவு சார்?"

"பத்துக்கு எட்டு. 'எட்டா! பரவால்லையே'ன்னு சிரிச்சார்."

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அன்றைக்கு அம்மாவிடம் நான் வயிறு என்றே சொல்லவில்லை. தலைவலி என்றுதான் சொன்னேன்.

முதலிடம், இரண்டாமிடம் பட்டியல் மறுபரிசீலனையில் இருக்கிறது. அந்த இரண்டு மார்க் எதில் போயிற்று என்று சாரிடம் கேட்காமல் வந்துவிட்டேன். இனி கேட்டுத் திருத்தி என்ன செய்ய?

ஜூலை 30, புதன்

தினமும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. இப்போது பத்துக்குப் பத்து. ஊரில் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்கள். தொழில் மந்தம்.

ஆகஸ்ட் 9, சனி

வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய நாள். மேற்குத் தெரு சென்னியம்மாள் இன்று காலை காலமானார். அம்மாவோடு சந்தைக்குப் போய்வருகிறவர். அவர்கள் வீட்டில், "எத்தன வருசமானாலும் எங்களுக்குக் கந்தப்பன் செட்டுதானுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாமா ஆட்டோ ஓட்டினார். அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

முதலில் எங்கள் தெரு. நான் இறங்கி நடந்தேன். கையைத் தூக்கினேன். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மைக்கை நகத்தால் ஒரு தட்டு. அப்பாவின் அதே குரல். முதல் சொல்லே பெயர். ஒரு பிசிறு இல்லை. ஜனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு தறிக்காரர், "அப்படியே கந்தப்பன்டா!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கந்தப்பன் மைக் செட்டின் புதிய குரல் இன்று மூன்று தெருக்களுக்குக் கேட்டது. செட் எங்கள் வீட்டிலேயே இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆராய்ச்சியாளர்கள் எழுந்து நின்று கைதட்டலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

உட்காரலாம்.

நேற்று எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. காலையில் இருந்து திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

குளியலறையில் பயிற்சி எடுத்தேன் என்று எழுதினேனே, என்ன சொல்லிப் பயிற்சி எடுத்தேன் என்று எழுதவில்லை. மாமா தப்பாகச் சொன்னாரில்லையா, அதைத்தான் தினமும் சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி. பெயர் முதலில். விழா இல்லாமல். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

நேற்றுத் தறி நின்றது. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நிக்க வைக்கப்படாது, நிக்க வைக்கப்படாது என்று மைக்கைத் தட்டி வாயைத் திறந்தேன். அப்பாவின் குரல் வந்தது.

"கந்தப்பன் அவர்கள் இன்று காலை..."

நான் சொன்ன முதல் பெயர் அதுதான்.

'அப்படியே கந்தப்பன்டா!' என்று அந்தத் தறிக்காரர் கண்ணைத் துடைத்தது அதற்குத்தான். வேறு யாராவது தப்பு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார் பாவம், அவர் சொன்னது அப்படி. எனக்கு அடுத்த சொல் வரவில்லை. அப்பா குரலிலும் வரவில்லை, என் குரலிலும் வரவில்லை. சென்னியம்மாள் என்ற பெயரே மறந்துவிட்டது. ஐயோ, அவங்க கையால எத்தன தடவ மோர் வாங்கிக் குடிச்சிருக்கேன்!

அம்மா இறங்கி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கரண்டி மாதிரி பிடித்தாள்.

"அவரு போயி ஒரு மாசமாச்சுங்க. இன்னிக்குப் போனது நம்ம சென்னியக்காங்க. மேக்கு வீதியில. சாயந்திரம் எடுக்கறாங்க. வந்து மொகம் பாத்துட்டுப் போயிருங்க."

அவ்வளவுதான். இயற்கை எய்தவில்லை, அன்னார் இல்லை, ஆழ்ந்த வருத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லி முடித்ததும், "ஐயோ, சென்னியக்காளா!" என்று நாலைந்து பெண்கள் அப்படியே போட்டது போட்டபடி ஓடினார்கள். அப்பா சொன்னபோதுகூட யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

என்னையும் ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்து, மைக்கை என் மடியில் போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த தெருவுக்கும் அதற்கடுத்த தெருவுக்கும் நான் முன்னால் நடந்து கையைத் தூக்கினேன், அம்மா பேசினாள். சாயந்திரம் மாமா, "தங்கச்சி, செட்ட நான் எடுத்துக்கல. எனக்கு வேல வந்தாலும் உன்னத்தான் கூப்புடுவேன்" என்றார். அம்மா, "இவன் மின்னால போவட்டும், நான் பேசறேன். பரீச்ச வந்தா அதுவும் கெடையாது" என்றாள். கந்தப்பன் மைக் செட்டின் புதிய குரல் அவள்தான். நான் கை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மத்தியானம் வரை பார்த்தேன். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

மைக்கை என் மடியில் போட்டபோது அம்மா அதன் சுவிட்சை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன் என்று எழுதினேன் அல்லவா, அப்போது நேராக அதற்குள்தான் அழுதிருக்கிறேன். தறி எதுவும் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மூக்கை உறிஞ்சியது உட்பட எல்லாம் இரண்டு குழாயிலும் போயிருக்கிறது. அப்பா, அப்பா என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, அபிநயாவுக்கு ஞாபகம் இருக்கிறது. தெருவே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஒருவரும் தறியைப் போடவில்லை.

நான் முடிக்கும்வரை நிறுத்தியே வைத்திருந்தார்களாம்.