தம்பி பில்லோடு வருகிறான்

இஞ்சாருங்கோ,

நான் வேலைக்குப் போகிறேன். வர ஒன்பது மணியாகும்.

காப்புறுதி முகவர் ஃபோன் எடுத்தார். வீட்டுச் சாமான்களுக்கான காப்புறுதியில் விலைகூடின கைமணிக்கூட்டுக்குச் சிறு தொகைதான் தருவார்களாம். முழுப் பெறுமதியும் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு வாங்கின பில் வேண்டும்.

பில் என் தம்பி ஜெறோமிடம் இருக்கிறது. மறந்திருந்தால் எழுதுகிறேன்: அவன் தந்த மணிக்கூட்டைத்தான் நீங்கள் ஞானஸ்நான விருந்தில் எல்லாருக்கும் முன்னால், "உது டுப்ளிக்கேற். மச்சான் என்னைப் பேய்க்காட்டிப்போட்டான்" என்றீர்கள். அவன் சாப்பிடாமல் எழும்பிப் போனான். போன கிழமை அஜின்கோர்ட் மணிக்கூட்டுக் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்து அசல் என்று சொன்னதிலிருந்து, கழற்றாமல் நித்திரை கொள்கிறீர்கள்.

நேற்று ஜெறோமிடம் கேட்டேன். "டுப்ளிக்கேற்றுக்கு என்னத்துக்கு அக்கா இன்சூரன்ஸ்?" என்றான். பிறகு இரங்கி, இன்று ஆறு மணிக்கு வந்து தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன் என்றான். பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டது, மேலே வந்து கதவைத் தட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

மீன்குழம்பும் பிட்டும் இரண்டு பேருக்குக் காணும். பிட்டுக்குத் தண்ணீர் தெளித்துச் சூடாக்குங்கள்.

றோசலின்

பூட்டு உடையவில்லை. திருத்தப் போகிறேன் என்று கீழே போய் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. பில்லைக் கையில் வாங்கினபிறகு மன்னிப்புக் கேளுங்கள். முதலே கேட்டால் பில்லுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைப்பான்.