ஒரு போத்தல் ஒரு பிள்ளைக்கு மட்டும்

அனுப்புநர்:
செ. தனேஸ்வரி,
செராயா தோட்டம், கோலசிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: கிளினிக் மருந்து கவுண்டரில் தமிழில் விளக்கம் தர மீண்டும் அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

கையொப்பமிடும் தாய்மார்கள் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும் என்பதால் இம்மனுவைத் தமிழில் எழுதியுள்ளேன். மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் குமுதா அக்காவின் மூன்று வயது மகன் தீபனுக்கு நிமோனியா கண்டது. கிளினிக்கில் அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரு போத்தல் கொடுத்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்கு மீன் வந்தாலும் பலாப்பழம் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். மருந்தும் அப்படியே போனது. இருமிய பிள்ளைகளுக்கெல்லாம் அக்கா ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார். தீபனுக்குக் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தையும் அந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார்.

2. காய்ச்சல் திரும்பி வந்தது. மூச்சிழுக்கும்போது பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்ததைக் கண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசி மருந்தில் பிழைத்தான். கிளினிக்கில் ஒன்றும் சொல்லவில்லையா என்று அக்காவிடம் கேட்டேன். "சொன்னாங்க லா தங்கச்சி, மலாய்ல வேகமா. பின்னால வரிசை நிக்குது, நானும் தலைய ஆட்டிட்டேன்" என்றார்.

3. அதன் பிறகு, தாதியின் ஒப்புதலோடு வியாழக்கிழமைகளில் கவுண்டர் அருகே நின்று, மருந்தாளர் சொல்வதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். ஆனாலும் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அக்காதான் பக்கத்தில் நின்று, "காய்ச்சல் விட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஊத்து! பாவம்னு பக்கத்து வீட்டுக்குக் குடுத்தா ரெண்டு பிள்ளைக்கும் பத்தாது. பட்டவ சொல்றேன்!" என்று குரல் கொடுப்பார்.

4. இந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் நிமோனியா கண்ட பிள்ளைகள் அனைவரும் முழு மருந்தையும் குடித்து வீட்டிலேயே குணமடைந்தார்கள். ஒரு பிள்ளைகூட மருத்துவமனையில் படுக்கவில்லை. அடுத்த வீட்டில் மருந்து கேட்டுப் போனால் இப்போது மோட்டார் சைக்கிள் சாவிதான் கிடைக்கிறது, கிளினிக்குக்குப் போவதற்கு.

5. சென்ற மாதம் புதிதாக வந்த மேற்பார்வையாளர், ஊழியர் அல்லாதவர் கவுண்டரில் நிற்கக் கூடாது என்று எங்களை வெளியே அனுப்பினார். போன வியாழன், செகிஞ்சான் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் தலையை ஆட்டிவிட்டு மருந்தோடு போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பேருந்து நிறுத்தம் வரை ஓடி அவரிடம் சொல்லிவிட்டோம். எல்லாரையும் அப்படி ஓடிப் பிடிக்க முடியாது, ஐயா.

எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். கவுண்டர் அருகே நிற்க எழுத்துபூர்வமான அனுமதி தாருங்கள். எங்கள் லயத்தில் வந்த மாற்றம் எல்லாத் தோட்டங்களிலும் வரும். இம்மனுவைக் கொண்டுவந்த தாய்மார்கள் தங்கள் அறைக்கு வெளியே காத்திருக்கிறார்கள். தங்கள் பதிலை அவர்களுக்குத் தமிழில் சொல்ல நானும் வந்திருக்கிறேன்.

இடம்: கோலசிலாங்கூர்
நாள்: 1.12.2025

பணிவுடன்,
செ. தனேஸ்வரி
உடன் கையொப்பமிடுவோர்: குமுதா, செராயா தோட்டத்துத் தாய்மார்கள்