கடவுள் விடைபெற்ற விதம்

இஞ்சாருங்கோ,

பார்க் எக்ஸ்டென்ஷனில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் பனிச் சப்பாத்துகள் இன்னும் வாசலில்தான் கிடக்கின்றன. நீங்கள் இப்போது இருக்கும் புவாண்ட்-கிளேரில் புதிது வாங்கியிருப்பீர்கள்.

ஞாயிறுகளில் டவுன்டவுனில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். மிரியம் என்ற யூதப் பெண் கபாலா சொல்லித்தருகிறார். அது அவர்களுடைய மறைஞானம். கபாலீசுவரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆதியில் கடவுளே எங்கும் நிறைந்திருந்தாராம். உலகத்துக்கு இடம் விடுவதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினாராம். நீங்களும் "உமக்குக் கொஞ்சம் இடம் வேணும்" என்றுதானே பெட்டி கட்டினீர்கள்.

ஒதுங்கும்போது அவர் என்ன சொன்னார் என்று மிரியத்திடம் கேட்டேன். எங்கள் ஆட்கள் "போறன்" என்று சொல்லமாட்டார்கள், "போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மிரியம் சிரிக்கவில்லை. "நாங்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

நீங்கள் போன அன்று நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் வாசலில் சொன்னதில் கடைசி "றன்" மட்டுமே எனக்குக் கேட்டது. இரண்டும் அப்படித்தான் முடிகின்றன.

எதைச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். சப்பாத்துகளைத் துடைத்து வைப்பதா, அனுப்பிவிடுவதா என்று தெரியவேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்