என் கல்யாணத்தில் கூடாரம் போட்ட அண்ணனுக்கு

என் பாசத்துக்குரிய மணியண்ணே,

நீ இறந்துபோய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது என்று இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன். இன்று எழுதுகிறேன் என்றால், உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. படிக்கிறவர்கள் படிக்கட்டும். இனி மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

நான் இன்னும் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன். மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று போலீஸ்காரர்களுக்கும் சிறை வார்டன்களுக்கும் பாடம் நடத்துகிறேன். ஒருமுறை என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தேவி, இதுல நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்லா?" என்று நீ சிரித்தாயே, நினைவிருக்கிறதா? அன்று நானும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

உண்மையில் நீ பல பக்கங்களில் இருந்தாய். குற்றவாளி பிறவியிலேயே அப்படித்தான் என்று மண்டையோட்டை அளந்து பார்த்த காலம் ஒன்று உண்டு. அதை நான் வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவேன். எல்லாருக்கும் ஆசையைக் காட்டிவிட்டுச் சிலருக்கு மட்டும் வழியை அடைத்தால் தப்பு நடக்கும் என்பது ஒரு கோட்பாடு. கூட்டாளிகளிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. இருபத்திரண்டு வயதில் லோரி கிளீனராக இருந்த நீ, மூன்று கூட்டாளிகளோடு நம் ஊர் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையை உடைத்ததற்கு இரண்டுமே பொருந்தும்.

எனக்குப் பிடித்த கோட்பாடு வேறு. ஒருவனைத் திருடன் என்று ஊர் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் அவனும் அதையே நம்பிவிடுவான் என்கிறது அது. அதை நான் மூச்சு விடாமல் நடத்துவேன். ஆனால் நீ சிறையிலிருந்து வந்த மறு வருடம் என் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் "அண்ணன் சிங்கப்பூரில் வேலை" என்று சொன்னவளும் நான்தான்.

நீ அப்போது ஒரு கூடாரக்காரரிடம் கூலிக்கு இருந்தாய். நம் வீட்டு வாசலில் கூடாரம் போட உன்னையே அனுப்பினார்கள். கம்பி நட்டாய், நாற்காலி அடுக்கினாய். பொரியிட வேண்டிய கையால் லோரியில் கயிறு கட்டினாய். உனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் பொரியிட்டான். என் மாமியார் உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது, கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க" என்றார். "சரிங்கம்மா" என்று கட்டினாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு உன்னால் எப்படிச் சாப்பிட முடிந்தது அண்ணே? சாப்பிட்டாயா?

என் வீட்டுக்காரரிடம் பிற்பாடு உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமியாரிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

சரி, செய்திக்கு வருகிறேன். பிற்பாடு நீ சொந்தமாகத் தொடங்கிய கூடாரத் தொழிலை இப்போது அண்ணி நடத்துகிறார். நீ வேலைக்கு எடுத்த ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். உள்ளே இருந்துவிட்டு வந்தவனுக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே ஸ்டோர் சாவியைக் கொடுப்பாயே, அந்த வழக்கமும் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குக் கூடாரம் போட்டார்கள். மறுநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்து, வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம் என்றார்.

அண்ணி நீ செய்வது போலவே செய்தார். ஆட்களை உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எடுத்தவன் சொல்லு. திருப்பிக் குடுக்கப் போறப்ப நான் கூட வர்றேன்" என்றார். ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் குணா தலை குனிந்துகொண்டான். நாற்பத்தைந்து வயது, ஏழு வருடமாக நம்மிடம் இருப்பவன். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "தெரியல அண்ணி. அந்த வீட்ல எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. என் மகளுக்கு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. கை போயிருச்சு" என்றானாம்.

அண்ணிக்கு முட்டிவலி, கடல் பாலம் தாண்டி அக்கரைக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. என்னைக் கூப்பிட்டார். இருபது வருடமாகப் பாடம் நடத்தும் நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "சாவியை வாங்கிட்டு அவனை அனுப்பிருங்க அண்ணி."

"உங்கண்ணன் யார்கிட்டயும் ஒருதடவகூடச் சாவிய திரும்ப வாங்குனதில்ல. நீ அவனோட போவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போனேன்.

அந்த அம்மா கேட்டைத் திறக்கவில்லை. குணா கம்பி வழியாகச் சிமிழை நீட்டி, "நான்தான்மா எடுத்தேன். மன்னிச்சிருங்க" என்றான். நியாயமான கோபம் அவருக்கு. "என் மாமியார் குடுத்தது இது. ராத்திரி பூரா தேடுனேன், என் மருமகளச் சந்தேகப்பட்டுட்டேன் தெரியுமா?" என்று கத்தினார். குணா அழுதான். மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? வக்கீலா?"

விரிவுரையாளர் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே.

"கூடாரக்கார மணியத்தோட தங்கச்சி" என்றேன்.

"எந்த மணியம்? ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாரே, அவரா?"

"ஆமாங்க. அவர்தான் என் கூடப்பிறந்த அண்ணன்."

அண்ணே, இந்த வயதில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் உன்னை என் அண்ணன் என்று சொன்னேன். வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

அவர் கம்பி அருகே வந்தார். பிறகு சிமிழை வாங்கிக்கொண்டார். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் கல்யாணம். கூடாரம் நீங்கதான் போடணும், இவனும் வரணும். நான் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார். குணா போனான். அவரும் சொன்னபடியே உட்கார்ந்து பார்த்தார். மத்தியானம் அவனுக்கு அவரே சோறு போட்டாராம்.

இதை நான் வகுப்பில் சொன்னேன், உன் பெயரோடு. ஒரு வார்டன் எழுந்து, "அப்போ எந்தத் தியரிதான் சரி, மேடம்?" என்று கேட்டார். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் தப்பு செய்தவனோடு அந்த வீட்டு வாசல்வரை யாராவது நடந்து போக வேண்டியிருக்கிறது, அதை என் அண்ணன் பல வருடம் செய்தார் என்றேன். நீ எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்ற கேள்விக்கு இவ்வளவு தாமதமாகத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரைப் போடுகிறேன். சித்தப்பா மகன் பெயர் வராது. முதல் பத்திரிகையை என் மாமியார் கையில் நானே கொடுப்பேன். "சிங்கப்பூர் அண்ணனா?" என்று கேட்பார். "இல்லை அத்தை. என் கல்யாணத்தன்று வெயில் அடிக்குது, இழுத்துக் கட்டுங்க என்று சொன்னீர்களே, அவர்தான்" என்று சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
கூடாரக்கார மணியத்தின் கூடப்பிறந்த தங்கை
தேவி